பென்சில் குறி போட்ட இடமெல்லாம்

“சிக்கலான முதலீட்டுத் திட்டங்களைச் சாதாரண மக்களுக்கு விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டுமா?” என்று அச்சடித்த தாளை வாசலிலேயே கையில் கொடுத்தார்கள். கேள்விக்குக் கீழே ஐந்து கட்டங்கள். ‘முழுவதும் ஏற்கிறேன்’ என்பதில் ஆரம்பித்து ‘முழுவதும் மறுக்கிறேன்’ என்பதில் முடிகிறது. நடுக்கட்டம் ‘கருத்து இல்லை’. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருத்து இல்லாமலா ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வேர்த்து வழிந்து, இந்த ஓட்டல் ஹாலைத் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறேன்?

அடுத்த கேள்வி ஷார்ட் செல்லிங் பற்றியது. கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, விலை விழுந்த பிறகு வாங்கிக் கொடுத்து லாபம் பார்க்கிற வியாபாரம் அது. அதைச் சாமானியர்களுக்கு விடலாமா, கூடாதா என்று கேட்டிருந்தார்கள். அதற்கும் அதே ஐந்து கட்டங்கள்.

நான் கட்டத்தில் டிக் அடிக்க வரவில்லை. அதிகாரியைப் பார்க்க வந்தேன். சந்தையைக் கண்காணிக்கிற ஓர் அமைப்பு ஊர் ஊராகச் சிறு முதலீட்டாளர்களின் கருத்தைக் கேட்கிறது, சென்னையிலிருந்து அதிகாரி நேரில் வருகிறார் என்று என் தம்பி செல்போனில் வந்த அறிவிப்பைக் காட்டியிருந்தான். நேரில் வருகிற ஆளிடம் காகிதத்தை நீட்டி, முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் அல்லவா? அவர் ஒரு வார்த்தை சொன்னால் வங்கி என் பணத்தைத் திருப்பித் தரும் என்று நம்பினேன். வீட்டை வாங்கிக்கொள்ள வீட்டுக்காரம்மா கொடுத்த கெடு முடிய ஐந்து நாள் இருந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இருப்பது ஒரே வாடகை வீடு. இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு, கடல் காற்றில் வருடத்துக்கு ஒரு தடவை துருப்பிடித்து உதிர்கிற ஒரு கேட். வீட்டின் சொந்தக்காரர் காயல்பட்டினத்து அம்மா ஒருவர். அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். வாடகையை ஏற்றச் சொல்லி ஒரு நாளும் நச்சரித்ததில்லை. “இந்த வீட்ட என்னைக்கி வித்தாலும் ஒனக்குத்தான் புள்ள மொதல்ல சொல்லுவேன்” என்று என் கணவர் இருக்கும்போதே சொல்லியிருந்தார். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பணியில் இருக்கும்போதே ஒரு மத்தியானம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அவருக்கு வரவேண்டிய பணமெல்லாம் மொத்தமாக வந்தபோது, அது வீட்டுக்கான பணம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். லாத்தா விற்கிற அன்றைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியது. வேறு எந்தச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது.

என் வேலை கிளியரிங் ஆபீஸில். கப்பலில் ஏறப்போகிற சரக்குக்குக் கஸ்டம்ஸில் காகிதம் போட்டு அனுமதி வாங்கித் தருவது. முப்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மிளகாய் வத்தலும் உப்பும் மருந்துக்குப் போகிற சென்னா இலையும் ஏற்றுமதி செய்கிற வியாபாரிகள் விருதுநகரிலும் சாத்தான்குளத்திலும் இருப்பார்கள். கப்பல் அவர்களுக்காகக் காத்திருக்காது. அதனால் வெற்றுத் தாள்களிலும் பாரங்களிலும் முன்கூட்டியே ஒரு கட்டுக் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவோம். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பது என் வேலை. அவர்கள் குறியைப் பார்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள். பிறகு நான் அழிரப்பரால் குறிகளை அழிப்பேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையெழுத்துக் காகிதங்கள் தீர்ந்தபாடில்லை, என் பென்சிலும் ஓய்ந்தபாடில்லை.

கையெழுத்துப் போடுமுன் வாசித்துப் பார்க்கிற வியாபாரி என்று யாராவது வந்தால், அவர் போன பிறகு ஆபீஸே அவரை வைத்துச் சிரிக்கும். சந்தேகப் பிராணி என்று பேர் வைத்துவிடுவோம். வாசிக்காமல் போடுவதுதான் எங்களிடம் மரியாதை. அந்த மரியாதைக்கு நாங்களும் பாத்திரமாக இருந்தோம். ஒரு வெற்றுக் கையெழுத்தைக்கூட நான் தப்பாகப் பயன்படுத்தியது கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்படி வளர்ந்த கையை எடுத்துக்கொண்டுதான் வங்கிக்குப் போனேன்.

அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். சாயர்புரத்தில் காலேஜ் படித்ததாகச் சொன்னாள். கழுத்தில் வங்கி அட்டை, வாயில் எப்போதும் சிரிப்பு. என் கணவரின் பணம் வந்து சேர்ந்த வாரத்திலேயே வீடு தேடி வந்துவிட்டாள். துக்கம் விசாரிக்க வந்தாள் என்றுதான் நினைத்தேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

“சேவிங்ஸ்ல சும்மா கிடக்குதேம்மா. எஃப்டி மாதிரியே ஒண்ணு இருக்கு. ரேட் மட்டும் கூட” என்றாள்.

“எனக்கு வீடு வாங்கணும்ளா. வீட்டுக்காரம்மா எப்ப சொன்னாலும் பணம் எடுக்கணும்” என்றேன்.

“எப்ப வேணாலும் எடுக்கலாம்மா. இப்ப போட்டா, வீட்டு விலைக்கு இடிக்கிற தொகையும் சேந்து வந்துரும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். லாத்தா ஒருமுறை வாய்விட்டுச் சொன்ன விலைக்கு என்னிடம் கொஞ்சம் குறைந்தது நிஜம். அதை நான்தான் காபி கொடுக்கும்போது அவளிடம் உளறியிருந்தேன்.

மறுநாள் வங்கியில் ஒரு கட்டுக் காகிதத்தை என் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? நம் ஆபீஸ் பிள்ளை மாதிரி நறுவிசாகச் செய்திருக்கிறாளே என்று மனசுக்குள் பாராட்டினேன். வாசித்தால் அவளை அவமானப்படுத்துவதாகிவிடும் என்று பட்டது. குறி போட்ட இடமெல்லாம் போட்டுக்கொண்டே போனேன். “கையெழுத்து அழகா இருக்கும்மா” என்றாள். அதற்கும் பூரித்துப்போனேன். இதை நினைக்கும்போது அவளைவிட என் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வருகிறது. அந்த ஆத்திரம் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவள் பக்கம் திரும்பிவிடுகிறது, அது வேறு விஷயம்.

ஒரு வருடத்துக்கு மேல் எல்லாம் நன்றாகப் போயிற்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாகத் தம்பியிடம் சொல்லவில்லை. அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் செல்போனை நிறுத்தி வைத்துக்கொண்டு, ஒரு கையால் பருப்பு நிறுப்பான், மறு கையால் பங்கு வாங்கி விற்பான். பணம் இருப்பது தெரிந்தால் கேட்பான் என்று பயம்.

ஒருநாள் சாயங்காலம் ஒரு பெட்டி மக்ரூனோடு வந்தான். முந்திரி மக்ரூன், கடையில் இருப்பதிலேயே பெரிய பெட்டி. 

“என்னலே விசேஷம்?”

“ஷார்ட் அடிச்சேன் யக்கா. காலைல வித்தேன், மத்தியானம் பாதாளத்துல கெடந்துது, வாங்கி முடிச்சிட்டேன். ஒரு மாசத்து யாவாரம் ஒரே நாள்ல வந்துட்டு.”

எந்தக் கம்பெனி என்று சொன்னான். எனக்கு அந்தப் பெயர் ஒன்றும் உறைக்கவில்லை. நான் மூன்று மக்ரூன் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்தில் லாத்தா போன் செய்தார். துபாயில் இருக்கும் மகனுக்கு அங்கே ஏதோ கடை எடுக்கப் பணம் வேண்டும், வீட்டை விற்றே ஆகவேண்டும் என்று நிற்கிறான். திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டும் போயிருக்கிறான். “ஒனக்குச் சொன்ன சொல்லு இருக்கு புள்ள. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் அவன நிறுத்தி வைக்கேன்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வரப்போகிறது. வங்கிக்கு ஆட்டோ பிடித்துப் போனேன்.

அந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போயிருந்தாள். அவள் நாற்காலியில் ஒரு பையன் இருந்தான். என் பணத்தை எடுக்கவேண்டும் என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

“இத இப்ப எடுக்க முடியாது மேடம். இன்னும் ரெண்டு வருஷம் லாக்-இன் இருக்கு. அதோட, இதுல பேரியர் பிரீச் ஆயிடுச்சு.”

அப்படி என்றால் என்ன என்று நான்கு தடவை கேட்டேன். நாலாவது தடவை சத்தம் போட்டுத்தான் கேட்டேன். மேனேஜர் வந்தார். அவர் சொன்னதையெல்லாம் சேர்த்து எனக்கு விளங்கியது இவ்வளவுதான். என் பணம் எஃப்டியில் இல்லை. மூன்று கம்பெனிகளின் பங்குகளோடு அதைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். மூன்றும் ஏறினால் ஏறின லாபம் எனக்குக் கிடையாது, பேசின வட்டி மட்டும்தான். மூன்றில் ஒன்று ஒரே ஒரு நாள் ஒரு கோட்டுக்குக் கீழே போனால்கூட, கடைசியில் எது மிக மோசமாக விழுந்திருக்கிறதோ அந்த அளவுக்கு என் முதலும் கரையும். மூன்று கம்பெனியில் இரண்டு பத்திரமாக நின்றாலும் எனக்குப் பிரயோசனம் இல்லை. நொண்டிக் காலோடுதான் என்னைக் கட்டியிருக்கிறார்கள்.

“எந்தக் கம்பெனி விழுந்துது?” என்றேன். பெயரைச் சொன்னார். தேதியையும் சொன்னார். மக்ரூன் வந்த நாள்.

நேராகத் தம்பி கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் நின்றதைக்கூடப் பார்க்கவில்லை. “ஏலே, ஒன்ன மாதிரி ஆளுங்கதாம்லே என் வீட்ட வித்துத் தின்னுட்டிய” என்றேன். அவன் கையில் சீரகப் பொட்டலம். ஒன்றும் புரியாமல் விழித்தான். முழுக்கதையையும் நடுக்கடையில் நின்று கொட்டினேன். கையில் இல்லாத சாமானை விற்பதற்குப் பேர் வியாபாரமா, அது திருட்டு என்றேன். நீயும் உன் போனும் நாசமாய்ப் போக என்றேன். கூடப்பிறந்தவனை அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்னேன்.

அவன் ஆட்களை அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“நான் வித்தது நூறு ஷேரு யக்கா. அதுக்கா அது விழும்? அந்தக் கம்பெனிக்காரன் கணக்குல ஓட்டை. அத மோப்பம் பிடிச்சவன் வித்தான். வித்ததாலதான் ஊருக்கே தெரிஞ்சுது. விக்காம இருந்திருந்தா இன்னும் ஆறு மாசம் ஒளிச்சி வச்சிருப்பான், அப்பவும் விழத்தான் செஞ்சிருக்கும்.”

“அப்ப எனக்கு?”

“ஒனக்கு இத ஏன் வித்தாங்கன்னு கேளு. எனக்கு எவனும் வீடு தேடி வந்து விக்கல. முங்குதேன், எந்திக்கேன், எல்லாம் என் கொழுப்பு. போன மாசம் விட்டத நான் ஒங்கிட்ட சொல்லவே இல்ல.” 

அவன் சொன்னதில் நியாயம் இருப்பது தெரிந்தது. அது தெரிந்ததால் இன்னும் எரிச்சலாக வந்தது. அவன் மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

என் காகிதங்களின் நகல் வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்தேன். இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள். வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முதல் தடவையாக, ஒரு வரி விடாமல் வாசித்தேன். நடுவில் ஒரு கேள்வித்தாள் இருந்தது. முதலீட்டாளரின் தகுதியை அறிய பன்னிரண்டு கேள்விகள். எல்லாவற்றுக்கும் அழகாக டிக் அடித்திருந்தது. பங்குச் சந்தையில் எனக்கு ஐந்து வருடத்துக்கு மேல் அனுபவமாம். பங்கு விலையை வைத்துப் பந்தயம் கட்டுகிற டெரிவேட்டிவ் எனக்கு நன்றாகத் தெரியுமாம். அதிக லாபத்துக்காக முதலை இழக்கவும் நான் தயாராம். இந்தப் பணம் எனக்கு உடனடியாகத் தேவைப்படாதாம். அடியில் என் கையெழுத்து, அவள் சொன்னமாதிரி அழகாகவே இருந்தது.

வங்கி மேல் ஆன்லைனில் புகார் போட்டேன். வங்கியிடமிருந்தே பதில் வந்தது. ‘தாங்கள் தங்கள் அனுபவத்தையும் இடர் ஏற்கும் விருப்பத்தையும் உறுதிசெய்து கையொப்பமிட்டுள்ளீர்கள்’ என்று அச்சுப் பிசகாமல் இருந்தது. புருஷன் செத்த மூன்றாம் மாதம் கையெழுத்துப் போட்ட பொம்பளைக்கு இடர் ஏற்கும் விருப்பமாம். எழுதினவன் கையில் கிடைத்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

அந்த வாரம் ஆபீஸில் எனக்குப் பென்சிலை எடுக்கவே கை வரவில்லை. விருதுநகர் மிளகாய் வியாபாரி ஒருவர் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். இருபது வருடப் பழக்கம். “குறி போட்டுத் தாங்க தங்கச்சி, ரயிலுக்கு நேரமாவுது” என்றார்.

“ஒரு தடவ வாசிச்சிட்டுப் போடுங்க அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“எதுக்கா? கீழ போடுதது ஒங்க கையெழுத்து. அதுக்குத்தான்.”

அவர் முகம் கறுத்துப்போயிற்று. “என்ன தங்கச்சி, இம்புட்டு வருஷத்துக்குப் பொறவு எம்மேல சந்தேகமா, ஒங்க மேலயே சந்தேகமா?” என்றார். எழுந்து முதலாளி அறைக்குள் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, வீட்டுப் பிரச்சினையை ஆபீஸுக்குக் கொண்டுவராதே என்றார். வேறொருவர் குறி போட்டார், அண்ணாச்சி வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறினார். எனக்கு அன்றைக்கு உலகத்தில் எல்லார் மேலும் கோபம்.

அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டுதான் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். பக்கத்தில் தம்பி. நூறு பேர் இருக்கலாம். பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள், மீதி செல்போனை விட்டுக் கண்ணெடுக்காத இளவட்டங்கள். மேடையில் அதிகாரி திரை போட்டு வண்டியின் ஸ்பீடாமீட்டர் மாதிரி ஒரு படம் காட்டினார். முள் பச்சையில் இருந்தால் ஆபத்துக் குறைவு, சிவப்பில் இருந்தால் அதிகம். முதலீட்டாளர்கள் விழிப்போடு இருக்கவேண்டும் என்றார். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே குமட்டுகிறது. திருடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தூங்கினவனுக்குத்தான் அறிவுரை.

ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர் எழுந்தார். “கையில் இல்லாத பொருளை விற்பது மோசடி. ஷார்ட் செல்லிங்கை அடியோடு தடை செய்யவேண்டும்” என்றார். கைதட்டல். என் தம்பி எழுந்தான்.

“சார், கையில இல்லாதத விக்கது மோசடின்னா நம்ம ஊரு உப்பு யாவாரம் பூரா மோசடிதான். பாத்தியில உப்பு வாருததுக்கு முன்னாலயே வித்திருதாவ. மழ பேஞ்சா வெளிய கூடுதல் வெல குடுத்து வாங்கியாவது அனுப்புதாவ. அது யாவாரம். எங்களுக்கு வேண்டாம்னு பூட்டிட்டியன்னா, பெரிய ஆளுங்க மட்டும் உள்ள இருந்து விளையாடுவாங்க. ஆபத்து எம்புட்டுன்னு சொல்லுங்க, போவ விடுங்க.”

இளவட்டங்கள் அவனுக்குக் கைதட்டினார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து பேச ஆரம்பித்தது. தடை வேண்டும், தடை வேண்டாம். அதிகாரிக்கு அது சௌகரியமாக இருந்தது. இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். என் கதைக்கு அந்த இரண்டு பக்கத்திலும் இடம் இல்லை என்று பட்டது. மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

“நான் கிளியரிங் ஆபீஸ்ல இருக்கேன் சார். ஹார்பர்ல ஒரு பெட்டி உள்ள போவணும்னா அதுக்குள்ள என்ன இருக்குன்னு எழுதணும். மிளகா வத்தல்னு எழுதிட்டு உள்ள வேற எதையாவது வச்சா பெட்டிய நிறுத்திருவாங்க. அபராதம் போடுவாங்க. எழுதிக் குடுத்த எங்க லைசென்ஸ் போவும். வியாபாரி கையெழுத்துப் போட்டிருக்காருன்னு அவரு தலையில கட்டிட்டு நாங்க தப்பிச்சிர முடியாது. எனக்கு எஃப்டின்னு பேர் போட்டு வேற சாமான வித்திருக்காங்க. அந்தப் பெட்டிய யாரு நிறுத்துனா?”

நான் விடவில்லை.

“என் தகுதிய அறியன்னு வங்கிக்காரங்க வச்ச கேள்வித்தாள்ல டிக் அடிச்ச கை என் கை இல்ல. அது யாரு கைன்னு ஒரு பேரு அதுல இருக்கா? தடை வேணுமா வேண்டாமான்னு எங்கள ஏன் கேக்கிய? விக்கவன், அவன் கையால எழுதி, அவன் பேரப் போட்டு, தமிழ்ல விளக்கிச் சொன்னேன்னு கையெழுத்துப் போடட்டும். சொன்னது பொய்யின்னா அவன் பணத்துல இருந்து தரட்டும். அதுக்கு ஒரு கட்டம் நீங்க குடுத்த தாள்ல இல்லியே.”

அதிகாரி மிகவும் மரியாதையாக, “நல்ல பாயிண்ட் மேடம். நோட் பண்ணிக்கிறோம்” என்றார். நான் பையிலிருந்து காகிதங்களை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தேன். 

“தனிப்பட்ட புகார்களுக்கு இது இடம் இல்ல மேடம். ஆன்லைன்ல போடுங்க.”

“போட்டாச்சு சார். கையெழுத்து இருக்குன்னு பதில் வந்துட்டு. எனக்கு அஞ்சு நாள்தான் இருக்கு, வீடு போயிரும்.”

அவர் காகிதத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“படிச்சுப் பாத்துத்தானே போட்டீங்க?”

மைக் இன்னும் என் கையில் இருந்தது. “இல்ல” என்று நான் சொன்னது ஹால் பூராவும் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “படிக்காம போட்டுட்டு இங்கன வந்து சண்டை” என்று ஒரு குரல். இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள். என்னைப் போலவே பணத்தை எங்கேயாவது கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான் அவர்களும். வங்கி என்னை ஏமாற்றியபோது வராத அழுகை அப்போது வந்தது. அழுதால் தோற்றுவிடுவேன் என்று காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தேன். தம்பி பின்னால் திரும்பி, “எவம்லே அது சிரிக்கது?” என்று சட்டைக்கையை மடித்தான். அதிகாரி கையை விரித்தார். கூட்டம் முடிந்தது, எல்லாருக்கும் பிரியாணி உண்டு என்று அறிவித்தார்கள்.

நான் சாப்பிடவில்லை. கருத்துத் தாளையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுக்காவிட்டால் கருத்து செல்லாது என்று வாசலில் நின்ற பெண் சொன்னாள். செல்லாமல் போகட்டும் என்றேன். தம்பி பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் காயல்பட்டினம் போகத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். ஐந்து நாள் காத்திருந்து அந்த அம்மாவையும் நோகடிக்க வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வழி முழுக்க உப்பளங்களில் வெயில் கண்ணைக் குத்தியது. வங்கியை என்னென்ன திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன.

லாத்தா முட்டுவலிக்குக் காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “பணம் தெகஞ்சிட்டா புள்ள?” என்றார்.

“இல்ல லாத்தா. என்னால வாங்க முடியாது. பணம் மாட்டிக்கிட்டு.”

“எங்கன மாட்டிக்கிட்டு? யாருக்கும் கடனா குடுத்தியா?”

“இல்ல.”

“நகையா வாங்குன?”

“இல்ல லாத்தா.”

“நெலத்துல போட்டியா? சீட்டு கீட்டு போட்டியா?”

“அதுவும் இல்ல.”

“பொறவு என்னத்தத்தான் வாங்குன?”

நான் அதன் பெயரைச் சொன்னேன். நீளமான ஆங்கிலப் பெயர். அவர் அதைத் திருப்பிச் சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டார். “அப்டின்னா என்ன புள்ள?” என்று கேட்டார். பஸ்ஸில் சேர்த்து வைத்த வசவுகளெல்லாம் வாய்வரை இருந்தன. வங்கியைச் சொல்லலாம், அந்தப் பிள்ளையைச் சொல்லலாம், அதிகாரியைச் சொல்லலாம். அவர் அதைக் கேட்கவில்லை. நான் வாங்கினது என்ன என்றுதான் கேட்டார்.

“எனக்குத் தெரியாது லாத்தா” என்றேன்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “தெரியாத ஒண்ணுக்கா புள்ள என் வீட்டக் குடுத்துட்டு வந்து நிக்கிற?” என்றார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, துபாய் மகனைக் கூப்பிட்டு, திருநெல்வேலிக்காரனிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.